நகம் வளர்த்த சீசன்

நான் நகம் கடிப்பதை விட்டது ஒரு மனிதர் மேலிருந்த கோபத்தில். இருபது வருஷம் ஆகப்போகிறது. அவர் இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. கோபம் மட்டும் குறையவில்லை. யாராவது என் விரல்களைப் பார்த்து, நகம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், சந்தோஷத்துக்கு முன்னால் அவர் முகம்தான் வந்து நிற்கும்.

எந்த வயதில் கடிக்க ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. ஒன்றாம் வகுப்பில் எடுத்த குரூப் போட்டோவில் எல்லாப் பிள்ளைகளும் கையைக் கட்டி நிற்க, நான் மட்டும் விரலை வாயில் வைத்திருக்கிறேன். அம்மா வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். ஒரு வாரத்தில் நாக்கு அந்தக் கசப்புக்குப் பழகிவிட்டது. ஒரு டீச்சர் விரல் முட்டியில் அடித்தார். அடித்த இடம் வலித்ததால் வலியைப் பொறுக்க இன்னும் இரண்டு நகத்தைக் கடித்தேன். வீட்டுக்கு வருகிற அத்தை சித்தி எல்லோரும் முதலில் என் கையைப் பிடித்து விரித்துப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு அம்மாவிடம் ஏதாவது சொல்வார்கள். என் விரல்கள் ஊருக்குப் பொதுச் சொத்து மாதிரி இருந்தன.

பிளஸ் டூவில் கணக்குப் பரீட்சையில் தோற்றுப்போனேன். அப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் லோடு ஏற்றுகிறவர். "சும்மா வீட்ல இருந்து என்ன செய்யப் போற" என்று அவர் ஒரு தடவைதான் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை சாத்தூர்ப் பக்கம் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பதினெட்டு வயது.

எங்கள் ஷெட்டில் பூச்சட்டிக்கு, புஸ்வாணம் என்பார்களே, அதற்கு லேபிள் ஒட்டி டப்பாவில் அடுக்குகிற வேலை. வெடிமருந்து இடிப்பது, கலப்பது, அடைப்பது எல்லாம் தள்ளித் தள்ளி இருந்த சின்ன அறைகளில். ஆனால் அடைத்து வருகிற பூச்சட்டியின் உடம்பெல்லாம் மருந்துத்தூள் இருக்கும். எங்கள் பாவாடையில், மடியில், கண் இமையில் எல்லாம் சாம்பல் நிறத்தில் மினுமினுப்பாக ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் வெள்ளி முலாம் பூசிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். முதல் நாள் எனக்கு அது அழகாகக்கூடத் தெரிந்தது.

லேபிள் ஒட்டுகிற வேலைக்கு நகம் வேண்டும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கட்டுக் கட்டாக வரும் லேபிள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கும். மற்றவர்கள் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை நெம்பி ஒன்றைப் பிரித்துவிடுவார்கள். எனக்கு நெம்ப நகமில்லை. சதை நுனியால் தேய்த்துத் தேய்த்துப் பிரிப்பேன். எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தி, அவளுக்கு முப்பது வயதிருக்கும், தன் கட்டிலிருந்து நாலைந்து லேபிளைப் பிரித்து என் பக்கம் தள்ளிவிடுவாள். எதுவும் சொல்ல மாட்டாள். அவளால்தான் முதல் வருஷத்தை ஓட்டினேன்.

எங்களுக்கு மேலே ஒரு போர்மேன். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். சலவை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் ஒரு மரஸ்கேல். உள்ளே இரும்பு கொண்டுவரக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, நைலான் சேலை கட்டக் கூடாது என்று எல்லாச் சட்டத்தையும் அவர்தான் பார்ப்பார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சட்டங்கள் எங்கள் உயிருக்காகத்தான். ஆனால் கம்பெனி எங்களுக்குச் செய்ய வேண்டியது என்று ஏதாவது இருக்கும் இடத்தில் அவருக்குக் காது கேட்காது. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் அதில் கையை முக்கி எடுப்போம். பத்து மணிக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீர் ஒரு மணிக்கு ஈயம் கரைத்தது மாதிரி ஆகிவிடும். அந்தக் கையோடுதான் தூக்குவாளியைத் திறந்து சோற்றைப் பிசைவோம்.

நான் அதைவிட மோசம். சோற்றுக்கு முன்னாலும் பின்னாலும் விரல் வாயில்தான் இருக்கும். போர்மேன் எங்கள் வரிசைக்கு வரும்போது, சாயங்காலம் டப்பாக்களை எண்ணும்போது, பஸ் தாமதமானால், யாராவது சத்தம் போட்டால், விரல் தானாக வாய்க்குப் போய்விடும். வாயில் எப்போதும் ஒரு உப்பும் துருவும் கலந்த ருசி. அது மருந்தின் ருசி என்று தெரியாமலில்லை. தெரிந்தும் கடித்தேன்.

இரண்டாம் வருஷம் பங்குனியில், விருதுநகரில் மாரியம்மன் கோயில் பொங்கல் திருவிழா சாட்டியிருந்த நேரம், வலதுகை மோதிரவிரலில் நகச்சுற்று வந்தது. அம்மா எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் சொருகிவிட்டாள். மூன்று நாள் எலுமிச்சம்பழத்தோடு அலைந்தேன். நாலாம் நாள் விரல் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி வீங்கி, காய்ச்சலும் வந்து, வாந்தியும் எடுத்த பிறகு அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டரம்மா விரலைக் கீறிச் சீழை எடுத்தார். கட்டுப் போட்டுவிட்டு மற்ற ஒன்பது விரலையும் பார்த்தார். பிறகு என் உதட்டில் ஒட்டியிருந்த சாம்பல் மினுமினுப்பைப் பார்த்தார்.

"எங்க வேலை பாக்குற?"

சொன்னேன்.

"அந்தக் கையையா கடிக்கிற? அது என்னன்னு தெரியுமா உனக்கு? கொஞ்சம் கொஞ்சமா மருந்தத் தின்னுக்கிட்டு இருக்கம்மா நீ. அடிக்கடி வயிறு வலிக்குதா?"

"வலிக்கும்."

"வலிக்காம என்ன செய்யும். நகம் கடிக்கிறதை நிறுத்து. அத விட முக்கியம், வேலை முடிஞ்சதும் சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டு ரெண்டு தடவை கை கழுவணும். வெறும் தண்ணியில அது போகாது."

"அங்க சோப்புக் கெடையாது, டாக்டரம்மா."

"கேட்டு வாங்கு," என்றார். எனக்குப் பின்னால் இன்னும் முப்பது பேர் நின்றிருந்தார்கள். அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் வெளியே வரும்போது எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. கேட்டு வாங்கு என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்.

"நாமளே ஒரு துண்டு சோப்புக் கொண்டு போனா என்ன?" என்றார் அப்பா பஸ் ஸ்டாண்டில். அப்படியே செய்தேன். அந்தச் சோப்பு இரண்டு நாள்கூட வரவில்லை. ஒருத்தி கேட்டாள், கொடுத்தேன். அடுத்தவள் கேட்டாள். பதினாலு பெண்களும் கையை நீட்டினார்கள். எல்லோருக்கும் சோப்பு வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் அதுவரை சொன்னதில்லை.

மறுநாள் போர்மேன் ஷெட்டுக்குள் வந்தபோது எழுந்து நின்று கேட்டேன். நாலு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள்.

"அண்ணாச்சி, கை களுவ சோப்பு வேணும். தொட்டித் தண்ணில மருந்து போக மாட்டேங்குது. டாக்டரம்மா சொன்னாக."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். பிறகு மரஸ்கேலை என் விரல்களுக்குக் கீழே கொடுத்து, தாம்பாளத்தில் எதையோ ஏந்துவது போலக் கையை மேலே தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"இந்தா பாத்துக்கோங்க. எலி கொறிச்ச தேங்கா கெணக்கா இருக்கு. நாள் முச்சூடும் வெரலத் தின்னுட்டு, வயித்த வலிக்குதாம். அதுக்குக் கம்பெனி சோப்பு வாங்கித் தரணுமாம். ஏத்தா, இங்கன எம்புட்டுப் பேரு வேலை பாக்காக? அவுகளுக்கெல்லாம் ஒண்ணுஞ் செய்யல. ஒனக்கு மட்டுந்தான் செய்யுதாக்கும்?"

சிரித்தார்கள். முந்தின நாள் என்னிடம் சோப்பு வாங்கிக் கை கழுவியவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த அக்காவும் சிரித்தாள்.

நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? இடது கட்டைவிரலை வாயில் வைத்தேன். அதை அவர் பார்த்துவிட்டார். "பாத்தீகளா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பஸ்ஸில் அக்காவோடு பேசவில்லை. இறங்குவதற்கு முன் அவளே சொன்னாள்: "சிரிக்காம இருந்தா அடுத்து என்னையப் பாப்பாரு. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு, தாயி." அவள் சொன்னது உண்மை என்பதால்தான் எனக்கு அதிகமாக எரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா அடுப்பில் இருந்து திரும்பவே இல்லை. "ஒன்னைய யாருடி எந்திரிச்சுக் கேக்கச் சொன்னது? நீ வெரலக் கடிக்கிறது ஊருக்கே தெரியும். அவரு சொன்னதுல என்ன தப்பு?"

அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. தப்பு எதுவும் இல்லை. நான் கடிக்கிறேன் என்பது உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு அவர் பதினாலு பேருடைய சோப்பை மறுத்துவிட்டார். என் வயிற்றுவலிக்கு என் பல்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் தொட்டித் தண்ணீரைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை. அவருக்கு என் நகம் எவ்வளவு வசதியாகப் போய்விட்டது. நான் அவருக்கு அந்த வசதியைக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். நல்ல பழக்கம், ஆரோக்கியம், அழகு எதுவும் என் மனசில் இல்லை. அடுத்த தடவை நான் கேட்கும்போது அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

நினைத்த மறுநாளே நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் பொய். மறுநாள் காலை பஸ் சாத்தூர்ப் பாலம் தாண்டுவதற்குள் மூன்று விரலைக் கடித்திருந்தேன். கடித்தது தெரியக்கூட இல்லை. ரத்தம் உப்புக் கரித்த பிறகுதான் தெரிந்தது. என் கையே எனக்கு எதிராக அந்த ஆளோடு சேர்ந்துகொண்டது மாதிரி இருந்தது. விரல்களைச் சன்னல் கம்பியில் ஓங்கி அடித்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவள் பயந்துபோனாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கவனித்தேன். எப்போது கை வாய்க்குப் போகிறது? வேலை மும்முரமாக நடக்கும்போது போகாது. சாப்பிடும்போது போகாது. காத்திருக்கும்போது போகும். பஸ்ஸுக்கு, எண்ணிக்கைக்கு, அவர் வருவதற்கு. அதைவிட, எதையோ சொல்ல நினைத்துச் சொல்லாமல் விடும்போது போகும். முதலில் பஸ்ஸில் கடிப்பதை மட்டும் நிறுத்தப் பார்த்தேன். கையில் சணல் கயிறு ஒரு முழம் எடுத்துக்கொண்டு போய், முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருப்பேன். ஒரு வாரம் போனது. பஸ்ஸில் கடிப்பது நின்றது. கம்பெனியில் கடித்தேன்.

கடிப்பதற்கு இன்னொரு காரணம் அப்புறம்தான் புரிந்தது. ஒரு நகம் கொஞ்சம் வளர்ந்தால் அதன் ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும். நூலில் சிக்கும், லேபிளில் சிக்கும். சிக்கினால் அதைச் சமமாக்க மனசு பறக்கும். சமமாக்கப் பல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது? விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு நகவெட்டி வாங்கினேன். கம்பெனிக் கேட்டில் வாட்ச்மேன் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இரும்பு. அதிலும் நான் குறை சொல்ல முடியாது. அதனால் தினமும் காலையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த துணி துவைக்கிற கல்லில் ஒவ்வொரு நகத்தின் ஓரத்தையும் தண்ணீர் விட்டு மெதுவாக இழைத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தேன். ஒரே பக்கமாக, மேலிருந்து கீழே. எதுவும் சிக்காத நகத்தைக் கடிக்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் என்னை அடித்தவர்கள், திட்டியவர்கள், வேப்பெண்ணெய் தடவியவர்கள் ஒருத்தருக்கும் இது தெரியவில்லையே என்று அதற்கும் கோபம் வந்தது.

நகக்கண் ஓரத்தில் தோல் உரிந்து நிற்பதுதான் மிகவும் படுத்தியது. அதைப் பல்லால் பிடித்து இழுத்தால் பாதி விரலே உரிந்து வரும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பத்து விரலுக்கும் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ப்பேன். கட்டுப் போட்டு அனுப்பிய டாக்டரம்மா சொன்னபடி முருங்கைக்கீரை, நிலக்கடலை, முடிந்த நாளில் முட்டை. அம்மா முதலில் முணுமுணுத்தாள். ஒரு மாதம் கழித்து அவளே கீரை உருவி வைத்தாள்.

வைகாசியில் ஆறு விரலில் வெள்ளைக் கோடு தெரிந்தது. சதைக்கு மேலே, நூல் அளவுக்கு. எனக்கு அந்த இடத்தில் அப்படி ஒன்று இருக்கும் என்பதே தெரியாது. பிறகு ஒரு நாள், டப்பா எண்ணிக்கையில் எட்டுக் குறைகிறது என்று போர்மேன் என்மேல் கத்தினார். எண்ணியது நானில்லை. சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அரைமணி நேரத்தில் அந்த ஆறில் நாலு விரல் போய்விட்டன. தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அழுததைவிட என்னை நானே திட்டியது அதிகம்.

அக்கா பின்னாலேயே வந்தாள். என் கையைப் பார்த்தாள். "இந்த ரெண்டு வெரலும் இன்னும் இருக்குல்ல," என்றாள். இடது கை நடுவிரலும் சுண்டுவிரலும். "இதக் கடிக்காம விட்டிருக்க. அப்பம் நிறுத்த முடியும்னுதானே அர்த்தம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த மட்டம் அவரு கத்துனா நீ வாயத் தொறந்து சொல்லிரு. நான் எண்ணலைன்னு சொல்லு. அதச் சொல்றதுக்கு யாரும் வேலைய விட்டு நிப்பாட்ட மாட்டாக," என்றாள்.

அப்படியே செய்தேன். ஆனி மாதம் மறுபடி ஒரு தடவை கணக்கு இடித்தது. "நான் எண்ணல அண்ணாச்சி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வேறு ஒருத்தியிடம் போனார். என் கை மடியிலேயே இருந்தது. அன்றைக்குத்தான் இந்தப் பழக்கம் போய்விடும் என்று முதன்முதலாக நம்பினேன்.

ஆடி பிறந்தபோது பத்து விரலிலும் நகம் இருந்தது. பெரிய நகமில்லை. மருந்து வேலையில் நகம் நீளமாக இருந்தால் அதற்குள் தூள் அடைந்துகொள்ளும், ஒட்ட வெட்டித்தான் வைக்க வேண்டும். ஆனால் முழு நகம். பிளவு இல்லை, ரத்தம் இல்லை, ஓரம் சீராக இருந்தது. லேபிளை நெம்பினால் ஒரே நெம்பில் பிரிந்தது. எனக்கு இனி அக்காவின் லேபிள் தேவைப்படவில்லை.

ஆடிப் பதினெட்டு அன்று கம்பெனியில் பூஜை. தீபாவளிச் சீசனுக்கு அன்றுதான் புதுச்சரக்கை எடுத்து வைத்துக் கும்பிடுவார்கள். முதலாளி, முதலாளியம்மா எல்லோரும் காரில் வந்தார்கள். ஒவ்வொரு ஷெட்டாகச் சூடம் காட்டி, கடைசியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். முதலாளியம்மா தன் கையாலேயே கொடுத்தார்கள். வரிசையில் என் முறை வந்தபோது நான் கையை நீட்டவில்லை.

"என்னம்மா, வாங்கிக்கோ," என்றார்கள்.

"கை மருந்தா இருக்கு அம்மா. களுவச் சோப்பு இல்ல. இந்தக் கையோட தின்னா வயித்துக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக."

முதலாளி திரும்பிப் பார்த்தார். போர்மேன் ஓடி வந்தார். நான் எதிர்பார்த்த வார்த்தையையே சொன்னார்.

"அது ஒண்ணுமில்ல மொதலாளி. இந்தப் புள்ளைக்கு நகங் கடிக்கிற பளக்கம். அதான் வயித்தக் கியித்த வலிக்குதுன்னு…"

நான் இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"எங்க கடிச்சிருக்கு, காட்டுங்க அண்ணாச்சி."

அவர் பார்த்தார். உண்மையிலேயே பார்த்தார், ஒவ்வொரு விரலாக. அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அப்போது எனக்குப் பின்னால் இருந்து இன்னொரு கை நீண்டது. அக்காவுடையது. வெடித்து, கோடு கோடாக, வெள்ளியாக இருந்தது. "இவ கடிச்சா, நானும் கடிக்கேனா?" என்று கேட்டாள். முதலாளியிடம் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக் கேட்டாள். அதற்குப் பிறகு இன்னும் நாலைந்து பேர் கையைத் திருப்பிக் காட்டினார்கள். எல்லோரும் இல்லை.

முதலாளியம்மா லட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். "இந்தக் கையோடயா சாப்பிடுறீக?" என்றார்கள். அதுவரை அதை அவர்கள் யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

முதலாளி போர்மேனிடம், "வாங்கிப் போடுங்க," என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஷெட்டுக்குப் போனார்.

இரண்டே வார்த்தை. வாங்கிப் போடுங்க. நான் நாலு மாதம் சணல் கயிற்றை முடிச்சுப் போட்டு அவிழ்த்ததும், கல்லில் நகத்தை இழைத்ததும், தொட்டிக்குப் பின்னால் நின்று அழுததும் இந்த இரண்டு வார்த்தைக்காக. ஜெயித்துவிட்டோம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். எனக்கு ஜெயித்தது மாதிரி இல்லை. ஒரு ஆள் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் நடக்கிற காரியத்துக்கு நாங்கள் இத்தனை வருஷம் மருந்தைப் பிசைந்து தின்றோமே என்று உடம்பெல்லாம் எரிந்தது. லட்டை நான் வாங்கவே இல்லை.

மறுநாள் சோப்பு வந்தது. ஒரு முழுச் சோப்பை நூலால் நாலாக அறுத்து, அதைத் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு, மத்தியானம் மணி அடித்ததும் போர்மேன் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டார். தீபாவளி முடிந்ததும் நின்றுவிட்டது. தை மாதம் வேலை சூடு பிடித்தபோது மறுபடி தொட்டித் தண்ணீர்தான். இந்தத் தடவை நான் கேட்கும் முன் அக்கா கேட்டாள். அடுத்த நாள் இன்னொருத்தி. தினம் ஒருத்தி எழுந்து நின்று, ஒரே வார்த்தையைச் சொல்வாள்: "அண்ணாச்சி, சோப்பு." ஒருத்தர் விரலையும் தூக்கிக் காட்டிச் சிரிக்க அவருக்கு வழியில்லை. ஒரு வாரம் தாங்கினார். பிறகு சோப்பு தொட்டி விளிம்புக்கே வந்துவிட்டது. தொட்டித் தண்ணீரை மத்தியானத்துக்கு முன் ஒரு தடவை மாற்றவும் செய்தார்கள்.

என்னை மட்டும் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிற ஷெட்டுக்கு மாற்றினார்கள். தகரக் கூரை. சித்திரையில் அங்கே உட்கார்ந்தால் தலை கொதிக்கும். காரணம் கேட்டேன். "அங்க ஆள் பத்தல" என்றார் போர்மேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வலது கட்டைவிரல் வாய்க்குள் இருந்தது. பாதி கடித்த பிறகு தெரிந்தது. எடுத்துவிட்டேன். இந்தத் தடவை கம்பியில் அடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் கல்லில் இழைத்து, எண்ணெய் போட்டு, சோறு தின்றேன். ஒரு விரல்தானே. மற்ற ஒன்பது இருக்கிறது.

அந்த ஆவணியில் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் காலண்டர் பைண்டிங் வேலை கிடைத்து விலகிவிட்டேன். கணக்கு முடித்துச் சம்பளப் பாக்கியை வாங்கிக்கொண்டேன். அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அச்சகத்தில் முதல் நாள் மத்தியானம் சூப்பர்வைசர் என்னைப் பின்பக்கம் கூட்டிப் போய், கை கழுவுகிற இடத்தைக் காட்டினார். இரண்டு குழாய். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சோப்பு, மை போவதற்கு ஒரு டப்பா சோப்புத்தூள், ஆணியில் ஒரு துண்டு. "நல்லாக் களுவிட்டுச் சாப்பிடப் போம்மா," என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார். யாரும் கேட்டு வைத்ததில்லை. யாரும் எழுந்து நின்று கையை நீட்டிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன். எனக்கு வந்தது நன்றியில்லை. பின்னால் வரிசையில் நின்ற பெண், "என்னக்கா, தண்ணி வரலையா?" என்று கேட்டாள்.

"வருது," என்றேன். சோப்பை எடுத்து, நுரை வரும்வரை தேய்த்து, இரண்டு தடவை கழுவினேன்.